கல்லும் நாயும்: யாழ்ப்பாணத்து ஊர்நாயின் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

வரலாறு என்றால் மன்னர்தம் பட்டியலும் போர்க்களங்களின் கணக்கும் என்று எண்ணிய காலம் மலையேறிவிட்டது. உழுதவன் எதனை உண்டான், நெய்தவள் எதனை உடுத்தாள், ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவன் எந்தக் கிணற்றில் நீர் மொண்டான் என்பனவும் வரலாறே என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. அந்த வழியிலே இன்னும் ஓரடி வைத்துப் பார்க்கலாம். ஒரு சமுதாயம் தன் காலடியிலே கிடக்கும் வாயற்ற உயிரை எவ்வாறு நடத்தியது, எப்போது கல்லெறிந்தது, எப்போது தூக்கியெடுத்துக் காயத்துக்கு மருந்திட்டது என்பதும் ஆராயத்தக்க ஒன்றேயாம். ஏனெனில், நாயை நடத்தும் முறைக்கும் மனிதனை நடத்தும் முறைக்கும் இடையேயுள்ள தூரம் நாம் நினைப்பதைக் காட்டிலும் மிகக் குறைவு.

‘கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்’ என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகின்றது. இதற்குத் தத்துவ விளக்கம் கூறுவோரும் உளர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒழுங்கைகளில் நடப்பவர்க்கோ இதன் பொருள் மிக எளிது. வைரவர் கோயிலிலே கல்லில் வடித்த நாயைக் கண்டால் கைகூப்புகிறோம். தெருவிலே உயிருள்ள நாயைக் கண்டால் கல்லைத் தேடுகிறோம். இந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

முதற் பராமரிப்பு

1914ஆம் ஆண்டு செருமனியில் பொன் நகருக்கு அண்மையிலுள்ள ஓபர்காசெல் என்னுமிடத்தில் கருங்கல் உடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர் ஒரு பழைய புதைகுழியைக் கண்டனர். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அதிலே அடக்கஞ் செய்யப்பட்டிருந்தனர். அவர்களுடன் ஒரு நாய்க்குட்டியின் எலும்புகளும் கிடந்தன. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி அது. நூறாண்டுகள் கழிந்தபின், 2018இல் வெளியான ஓர் ஆய்வு அக்குட்டியின் பற்களை நுணுகி நோக்கிற்று. ஏழு மாதப் பருவத்தில் இறந்த அக்குட்டி, அதற்குமுன் பல கிழமைகள் கொடிய தொற்றுநோயால் வாடியிருந்ததென்பதைப் பற்களிலே பதிந்த தழும்புகள் காட்டின. உணவும் நீரும் ஊட்டி, உடலைச் சூடாக வைத்து, கழிவைத் துடைத்து எவரேனும் பேணியிராவிடின் அது அத்துணை நாள் உயிர் தாங்கியிராது என்பது ஆய்வாளர் கண்ட முடிபு.

ஈண்டு நோக்கத்தக்கது யாதெனில், நோயுற்ற அந்தக் குட்டியால் வேட்டைக்கு எவ்விதப் பயனும் இருந்திருக்க முடியாது என்பதே. உபரி உணவு என்பதையே அறியாத வேட்டுவ மக்கள், பயன்படாத ஒரு குட்டிக்குத் தம் உணவிலே பங்கு கொடுத்தனர். எனவே, ‘அடிபட்ட நாயைத் தூக்கி வளர்ப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு’ என்று கூறுவோர் வரலாற்றை அறியாதவராவர். உடைமை தோன்றுமுன்பே இரக்கம் தோன்றிவிட்டது.

நம் தமிழ் நிலத்திலும் சான்றுகள் இல்லாமலில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நாட்டப்பட்டது. நிரைகவர்ந்த பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த அக்கல்லிலே அவனது நாயும் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்ற செய்தியையும் கல் கூறுகின்றது. அக்காலத்து எத்தனையோ உழைக்கும் மக்களின் பெயர் ஒரு கல்லிலும் இல்லை; ஆயினும் ஓர் ஆயர் குடியின் நாய்க்குப் பெயரோடு கல் நிற்கின்றது. ஆநிரையே செல்வமாயிருந்த சமுதாயத்தில் நாய் மனிதனின் உடனுழைப்பாளி. அதனாலேயே அதற்கு அந்த மதிப்பு.

ஈழத்து வரலாற்றுக்கும் இதில் ஒரு பங்குண்டு. விசயனின் ஆட்கள் கரையிறங்கியபின் பெண்நாய் வடிவில் ஓர் இயக்கி எதிர்ப்பட்டாள் என்றும், நாய் உள்ள இடத்தில் ஊரும் இருக்கும் என்று கருதி ஒருவன் அதன்பின் சென்றான் என்றும் மகாவம்சம் கதை கூறும். கதையின் உண்மை எவ்வாறாயினும், நாயே ஊருக்கு அடையாளம் என்ற எண்ணம் அக்கதையைக் கட்டியவர் மனத்திலே இருந்தது என்பது தெளிவு.

படலைக்கு உள்ளும் புறமும்

நிலவுடைமை உறுதிப்பட்டு, நிலமும் நீரும் சாதிவழிப் பங்கிடப்பட்டபோது நாயின் நிலையும் மாறிற்று. யாழ்ப்பாணத்து வாழ்வு வேலிகளின் வாழ்வு. கிடுகு வேலியாலும் பனையோலை வேலியாலும் வளவுகள் அடைக்கப்பட்டன. வேலிக்குள்ளே நிற்பது வீட்டுநாய். படலைக்கு வெளியே நிற்பது தெருநாய். வீட்டுநாயும் வீட்டுக்குள்ளே வருவதில்லை. முற்றமே அதன் எல்லை. மிஞ்சிய சோறே அதன் கூலி. இரவு முழுவதும் குரைப்பதே அதன் தொழில்.

இந்நிலையில் வைரவர் வழிபாடு குடாநாடெங்கும் பரவி நிற்பது சிந்திக்கத்தக்கது. ஒழுங்கை முடக்குகளிலும் வயல் வரம்புகளிலும் மரத்தடிகளிலும் சூலமொன்றை நாட்டி மக்கள் வைரவரை வழிபட்டனர். பெரிய கோயில்களிலும் காவல் தெய்வம் அவரே. அவரது ஊர்தி நாய். ஊரைக் காக்கும் உயிரின் உழைப்பைக் கண்ட எளிய மக்கள், காவல் தெய்வத்தின் அருகிலே அதனை நிறுத்தியது இயல்பே. எனினும் அவ்வழிபாடு உயிருள்ள நாய்க்கு ஒரு கிண்ணம் நீரையேனும் உறுதிசெய்ததா? இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கோயில்களில் உயிர்ப்பலியிடுதலைக் கடுமையாக எதிர்த்தார். கொல்லாமை சைவ வாழ்வின் அடிப்படையாகப் போதிக்கப்பட்டது. ஆயின், அந்த அறம் உண்ணும் உணவோடு நின்றுவிட்டது. தெருவிற்கு இறங்கி வரவில்லை.

இறங்கி வராமைக்குக் காரணம் சாதியே. தூய்மை, தீட்டு என்னும் அளவுகோல் மனிதரை வரிசைப்படுத்தியபோது, அதே அளவுகோல் விலங்குகளையும் வரிசைப்படுத்திற்று. பசு உச்சியில், நாய் அடியில். நம் பேச்சுவழக்கைப் பாருங்கள். வெளிநாட்டு இனத்து நாயைச் ‘சாதி நாய்’ என்கிறோம். ஊரிலே பிறந்த நாயை ஆங்கிலேயர் ‘பறையா நாய்’ என்றனர். தமிழகத்து ஒடுக்கப்பட்ட மக்களுள் ஒரு சாரார்க்குரிய பெயரை எடுத்து, நாய்க்குச் சூட்டி, அதனை ஆங்கில அகராதியிலும் ஏற்றிவிட்டனர். ஒரே சொல்லால் ஒரு மனிதக் கூட்டத்தையும் ஓர் உயிரினத்தையும் சேர்த்து இழிவுபடுத்திய சொல்வழக்கு இது. குடியேற்ற ஆட்சியின் அகந்தையும் நமது சாதித் திமிரும் கைகோத்துப் பெற்ற குழந்தை இச்சொல். இந்நாய்க்கு நாம் வழங்கத்தக்க பெயர் ‘ஊர்நாய்’ என்பதே.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1927இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் நாயும் மாடும் நீர் குடிக்கலாம், தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்டோர் குடிக்கலாகாது என்ற கொடுமையை எதிர்த்து அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் குளத்தில் இறங்கி நீரருந்தினார். நம் குடாநாட்டின் நிலை இதனினும் மேலாக இருந்ததா? 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வந்த பின்னரும் தேநீர்க் கடைகளும் கோயில்களும் தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பூட்டியே கிடந்தன. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடந்த போராட்டமும் அந்தப் பூட்டுகளை உடைக்க எழுந்தவையே. கோயில் வீதியிலே நாய் தடையின்றி உலவ, மனிதன் வாயிலில் தடுக்கப்பட்டான். ஆகவே நாயிடம் அன்பு காட்டச் சொல்வோர் முதலில் இதற்கு விடை கூறியாக வேண்டும். அடிபட்ட நாயைத் தூக்கிவந்து மடியில் வைத்துப் பாலூட்டும் கைகள், பக்கத்து வளவு மனிதனுக்குத் தனிக் குவளையில் நீர் கொடுக்குமாயின், அந்த அன்பு அன்பன்று, வெறும் அலங்காரம்.

அச்சமும் சட்டமும்

ஊர்நாய்மீதான வன்மம் முழுவதும் சாதியால் விளைந்தது என்று கூறுதலும் முறையன்று. விசர்நாய்க்கடி என்ற உண்மையான அச்சம் அதன் பின்னே இருந்தது. நீர்வெறுப்பு நோயின் குறி தோன்றியபின் மனிதன் பிழைப்பது மிக மிக அரிது. செருப்பின்றி வயலுக்கு நடக்கும் கூலியாளும், விறகு பொறுக்கும் சிறுமியும் அக்கடிக்கு முதலில் ஆளாயினர். 1885இல் பாரிசில் லூயி பாஸ்டர் யோசேப்பு மைஸ்டர் என்ற சிறுவனுக்குத் தடுப்பூசியிட்டுக் காத்தபின்பே மனிதகுலம் சற்று மூச்சுவிட்டது. 1907இல் நீலகிரியின் குன்னூரில் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது.

குடியேற்ற ஆட்சி இந்நோய்க்குக் கண்ட எளிய மருந்து கொலை. 1832இல் பம்பாயில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லக் கூலியாட்கள் அமர்த்தப்பட்டபோது, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பிற சமயத்தாரும் சேர்ந்தனர், கடைகள் அடைபட்டன, கோட்டைக்குச் செல்லும் உணவுப்பொருள்கள் தடுக்கப்பட்டன. நாயின் பொருட்டு எழுந்த அக்கிளர்ச்சியின் அடியிலே, ‘எமது தெருவில் எது வாழலாம் என்பதைத் தீர்மானிக்க நீ யார்?’ என்ற வினா கிடந்தது.

இலங்கையில் 1893ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச்சட்டம் கட்டின்றித் திரியும் நாய்களை அழிக்க வழிசெய்தது. 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச்சட்டம் பதிவுள்ள நாய், பதிவற்ற நாய் என்று பிரித்தது. உடையவன் உள்ள நாய்க்கு உயிர். உடையவன் அற்ற நாய்க்குச் சாவு. தனியுடைமைச் சமுதாயத்தின் நீதி நாயுலகிலும் நுழைந்த விதம் இது. 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச்சட்டம் வதைப்போருக்கு விதித்த உச்சத் தண்டப்பணம் நூறு ரூபாய். அதற்குப் பதிலாக ஒரு புதிய மிருகநலச் சட்டத்தின் வரைவைச் சட்ட ஆணைக்குழு 2006இல் ஆக்கியது. அவ்வரைவு பல்லாண்டுகள் பாராளுமன்ற வாயிலிலேயே காத்துக் கிடந்தது.

கொலையால் நோய் ஒழிந்ததா? ஒழியவில்லை. 1973இல் இலங்கையில் 377 பேர் விசர்நோயால் இறந்தனர். 1975இல் தொடங்கிய தேசிய விசர்நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் நாய்களுக்குத் தடுப்பூசியும், கடியுண்ட மக்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவச மருந்தும் பரவலாகக் கிடைத்த பின்னரே அத்தொகை படிப்படியாகக் குறைந்து, அண்மைக் காலத்தில் ஆண்டுக்குச் சில பத்துகள் என்ற அளவிற்கு இறங்கிற்று. 2006இல் தெருநாய்களைப் பெருந்தொகையாகக் கொல்லுதல் அரச கொள்கையாக நிறுத்தப்பட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் அதன் இடத்தைப் பெற்றன. இலவச மருத்துவம் என்ற மக்களுரிமையே நாயையும் காத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

சென்னையின் படிப்பினையும் இதுவே. 19ஆம் நூற்றாண்டு முதல் அந்நகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நாய்களின் தொகையோ குறையவில்லை. 1959இல் அங்கே நிறுவப்பட்ட புளூ குரொஸ் அமைப்பு, 1964 முதலே கருத்தடையையும் தடுப்பூசியையும் மாற்றுவழியாக முன்வைத்தது. நகராட்சி அவ்வழியை நகர் முழுவதற்கும் ஏற்க 1996 வரை சென்றது. கொல்வது எளிது, பேணுவது கடினம் என்பதால் மட்டுமே ஒரு நகரம் முப்பதாண்டுகளுக்கு மேல் தவறான வழியிலே நடந்தது.

இலண்டனில் நிகழ்ந்த ஒன்றையும் இங்குக் கூறுதல் பொருத்தமாகும். 1903இல் மருத்துவ மாணவர் முன்னிலையில் அறுக்கப்பட்ட ஒரு பழுப்பு நாயின் நினைவாக 1906இல் பற்றர்சி என்னும் தொழிலாளர் பகுதியில் ஒரு சிலை எழுந்தது. அதனை உடைக்க 1907இல் மருத்துவ மாணவர் திரண்டுவந்தனர். சிலையைக் காத்து நின்றவர் அப்பகுதித் தொழிலாளரும், வாக்குரிமைக்குப் போராடிய பெண்களுமாவர். 1910இல் அச்சிலை இரவோடிரவாக அகற்றப்பட்டது. வாயற்ற ஒன்றின் வதையிலே தம் வாயடைப்பை அம்மக்கள் கண்டனர். ஒடுக்கப்பட்டவனுக்கு அந்தக் கண் உண்டு.

போரும் நாயும்

குடாநாட்டு ஊர்நாயின் வரலாற்றில் மிகத் துயர் மிகுந்த ஏடு போர்க்காலமே. 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணிநேர அவகாசத்தில் தம் மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கையில் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டதே சொற்பம். சோனகத் தெருவின் வீடுகளிலே வளர்ந்த ஆடும் கோழியும் பூனையும் அங்கேயே நின்றன. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் மழையிலே தென்மராட்சி நோக்கி நடந்தனர். சைக்கிளில் அரிசிப்பை, தோளில் முதியோர், இடுப்பில் குழந்தை. நாயைக் கொண்டுசெல்ல இடம் ஏது? கட்டை அவிழ்த்துவிட்டு, ‘போ’ என்று சொல்லிச் சென்றனர் பலர். சில நாய்கள் நெடுந்தூரம் பின்தொடர்ந்தன. சில படலையிலேயே கிடந்தன. அந்த இரவைக் கடந்த முதியோரிடம் கேட்டுப் பாருங்கள். விட்டுவந்த நகையைப் பற்றிச் சொல்லாதவரும் விட்டுவந்த நாயைப் பற்றிச் சொல்வர்.

போர் விதைத்துச் சென்ற கண்ணிவெடிகள் மனிதரையும் மாட்டையும் நாயையும் வேறுபாடின்றி முடமாக்கின. 2002 முதல் அனைத்துலக அமைப்புகள் குடாநாட்டில் கண்ணிவெடி அகற்றும் பணியை மேற்கொண்டன. வெடிமருந்தை மோப்பம் பிடிக்கப் பயிற்றப்பட்ட நாய்களும் இந்நாட்டில் அப்பணியில் ஈடுபடுத்தப்பட்டன. போர் செய்தது மனிதன். அவன் புதைத்த சாவைத் தேடியெடுக்க உதவியது நாய்.

காயம் ஆறும் காலம்

இன்று ஊர்நாயை முடமாக்குவது பெரும்பாலும் வீதி. 2009இற்குப் பின் ஏ-9 வீதி முழுமையாகத் திறந்தது, ஒழுங்கைகள் தாரிடப்பட்டன, மோட்டார் சைக்கிளும் வானும் பெருகின. வேகத்துக்குப் பழகாத நாய், நேற்றுவரை படுத்துறங்கிய தெருவிலே இன்று இடுப்பெலும்பு நொறுங்கிக் கிடக்கின்றது. கடந்து செல்வோர் ஆயிரம், நிற்பவர் ஒருவர். அந்த ஒருவர் செய்யவேண்டிய வேலை யாது?

நோவுற்ற நாய் அன்பனையும் கடிக்கும். ஆதலால் முதலில் அதன் வாயை மென்துணியால் தளர்வாகக் கட்டல் வேண்டும். பலகையிலோ தடித்த சாக்கிலோ கிடத்தி, முதுகு வளையாமல் தூக்கல் வேண்டும். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமிட்டு ஓடுநீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி அரச வைத்தியசாலைக்குச் சென்று தடுப்பூசி பெறல் வேண்டும். மனிதருக்குரிய நோமாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம். பட்டினி கிடந்த உடலுக்கு ஒரேயடியாகச் சோறிடுதலும் தீது. சிறிது சிறிதாக, பலமுறை ஊட்டுதலே முறை. புழுவைத்த புண்ணை நாள்தோறும் கழுவி மருந்திடல் வேண்டும். குட்டியின் எலும்பு சில கிழமைகளில் கூடும். வளர்ந்த நாய்க்கு இரண்டு மூன்று மாதமாகலாம். காலொன்றை அகற்ற நேரினும் அஞ்ச வேண்டியதில்லை. மூன்று கால்களில் நிற்கவும் ஓடவும் நாய் விரைவிலே கற்றுக்கொள்ளும்.

உடற்காயத்தினும் நெடிது ஆறுவது அச்சம். கல்லெறிபட்ட நாய், உணவு கொண்டுவரும் கையைக் கண்டும் ஒடுங்கும். அருகிலே சும்மா அமர்ந்திருத்தல், குரலைத் தாழ்த்திப் பேசுதல், ஒரே நேரத்தில் உணவிடுதல் என இவை யாவும் பொறுமையின் தொழில்கள். பெரும்பாலான வீடுகளில் இத்தொழில் பெண்களின் தோளிலேயே விழுகின்றது. பிள்ளையையும் முதியோரையும் பேணும் கூலியற்ற உழைப்போடு இதுவும் சேர்கின்றது. ‘எங்கள் வீட்டில் ஒரு நாயைக் காப்பாற்றினோம்’ என்று பெருமை பேசும் ஆடவர், புண்ணைக் கழுவியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்வாராக.

செலவும் ஒரு வினாவே. இந்நாட்டின் கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில் ஒன்றே. குடாநாட்டு அரச மிருக வைத்தியர்கள் மாடும் ஆடும் கோழியும் நம்பி வாழும் குடும்பங்களின் தேவைக்கே ஈடுகொடுக்க வேண்டியவராயுள்ளனர். எலும்புச் சத்திரசிகிச்சை வேண்டின், நாட்கூலி பெறும் குடும்பம் என் செய்யும்? இரக்கம் ஏழையிடம் மிகுதி; பணம் அவனிடம் இல்லை. எனவே அடிபட்ட நாயைத் தூக்குவதா விட்டுச்செல்வதா என்பதைத் தனிமனிதரின் நல்லுள்ளத்துக்கு விட்டுவிட்டுச் சமுதாயம் கைகழுவ முடியாது. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை கைவிடப்பட்ட நாய்களுக்கென ஒரு சரணாலயத்தை அமைத்தமை போற்றத்தக்க முன்மாதிரி. ஆயினும் அறக்கொடை ஓர் ஊன்றுகோலே. பிரதேச சபைகளும் மாநகர சபையும் நிரந்தரக் கருத்தடைத் திட்டத்தையும், ஆண்டுதோறும் தடுப்பூசியையும், காயமுற்ற விலங்குக்கு இலவச முதற்சிகிச்சையையும் தம் கடமையாக ஏற்றல் வேண்டும். குப்பையை ஒழுங்காக அகற்றாத சபை, குப்பையை நம்பி வாழும் நாயைக் குற்றஞ்சாட்டும் தகுதியற்றது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. தம் ஒழுங்கையில் எத்தனை நாய்கள் உள்ளன, எத்தனைக்குத் தடுப்பூசி இடப்பட்டது, எத்தனைக்கு உடையவர் உளர் என மாணவர் கணக்கெடுத்து, அதனைச் சபையின் முன் வைக்கலாம். அது கணிதமுமாகும், குடியியலுமாகும். கல்லெறியும் சிறுவன் கொடியவனாகப் பிறந்தவனல்லன். வீட்டிலே அடியையும் தெருவிலே இழிசொல்லையும் பெற்றவன், தன்னினும் கீழான ஒன்றைத் தேடிக் கல்லை எடுக்கிறான். அவன் கைக் கல்லைப் பிடுங்குமுன், அவன்மேல் விழும் கல்லை யார் எறிகிறார் என்று கேட்பதே கல்வி.

போர் முடமாக்கிய மனிதரும் மரங்களும் மாடுகளும் நாய்களும் நிறைந்த மண் இது. இங்கே ஒரு நாயின் முறிந்த காலுக்குக் கட்டுப் போடும் கை, மனிதனின் காயத்தை மறந்ததன்று. இரண்டும் ஒரே காயமென அறிந்த கையாக அது இருத்தல் வேண்டும். சாதியின் வேலியைப் பிடுங்குவோர் படலையில் கிடக்கும் உயிரையும் தூக்கட்டும்; படலையில் கிடக்கும் உயிரைத் தூக்குவோர் சாதியின் வேலியையும் பிடுங்கட்டும்.